இளவரசி கேடட்டுக்குப் பெருஞ்சிலுவை: உழைச்சு வாங்கினதா, பிறந்து வாங்கினதா?

கேள்வி, 17 ஜூலை 2025

அண்ணே, ஸ்பெயின் மாரின் கடற்படைப் பள்ளி அணிவகுப்பு வீடியோ நேத்து பார்த்தேன். இளவரசி லெயோனோருக்கு அவங்க அப்பா, அரசர் ஆறாம் ஃபெலிப்பே, தன் கையாலயே கடற்படைப் பெருஞ்சிலுவை குத்தி விடுறார். போன வருஷம் ஜூலைல சரகோசாவில தரைப்படைப் பெருஞ்சிலுவை. வயசு 19. நான் எஸ்.எஸ்.பி.யில (ராணுவ அதிகாரித் தேர்வு) ரெண்டு தடவை ஸ்க்ரீன் அவுட் ஆகி மூணாவது தடவைக்கு ஓடிக்கிட்டு இருக்கேன். நிஜமாவே கேக்குறேன். ராஜா வீட்டுப் பிள்ளை கேடட்டா சேர்ந்து வாங்குற மரியாதையை உழைச்சு வாங்கினதுன்னு ஒத்துக்க முடியுமா?

17 ஜூலை, ராத்திரி

முடியாது.

அந்தப் பெருஞ்சிலுவை ஸ்பெயின்ல ஜெனரல், அட்மிரல் அந்தஸ்துல இருக்கறவங்களுக்குக் கொடுக்கறது. வெள்ளை வகை, அதாவது போர்க்களத்துல இல்லாம அமைதிக் காலச் சேவைக்கு. சண்டையில வாங்கினா சிவப்பு. பயிற்சியில இருக்கற கேடட்டுக்கு அதைக் குத்துறாங்கன்னா காரணம் ஒண்ணுதான், பிறப்பு. மத்த கேடட்டுக்கு 5 வருஷம் ஆகறதை இந்தப் பொண்ணு தரை, கடல், வானம்னு 3 பள்ளிக்கும் சேர்த்து 3 வருஷத்துல சுத்தி வருது. அவங்க அப்பாவும் 1985ல ஆரம்பிச்சு அதே சுத்துதான் சுத்தினார்.

18 ஜூலை

காலைல காபி குடிச்சுட்டுப் படிச்சா நேத்து எழுதினது கொஞ்சம் கோபமா இருக்கு. பதில் தப்பில்ல, ஆனா கேள்விக்குச் சரியா உக்காரல.

அந்தச் சிலுவை பரிசே கிடையாது தம்பி. கல்யாணத்துல மாமனார் மாப்பிள்ளைக்குப் போடுற மோதிரம் மாதிரி. மாப்பிள்ளை என்ன சாதிச்சான்னு பந்தியில யாரும் கேக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு நாளைக்கு ராணியானா அரசியல் சட்டப்படி மூணு படைக்கும் தலைவி. அந்த நாற்காலிக்கு முன்கூட்டியே போடுற மோதிரம் அது. பள்ளியில முதலா வந்ததுக்குக் கொடுத்தோம்னு ஸ்பெயின்ல யாரும் சொல்லிக்கவும் இல்ல. அதனால அதுல ஏமாத்து வேலை இல்ல.

சிக்கல் வேற இடத்துல. ராஜா வீட்டுப் பையனும் உன்னை மாதிரி ஒருத்தனும் ஒரே வரிசையில நின்னு, 'இந்த பேட்ச்சோட சிறந்த கேடட்'னு ராஜா வீட்டுப் பையன் பேரைக் கூப்பிட்டு வாளைக் கொடுத்தா? அந்த வாளுக்கு என்ன மதிப்பு?

18 ஜூலை, மதியம்

வாள்னு சொன்னதும் ரெண்டு பேர் கேட்டுட்டாங்க, அதனால இது. பரங்கிமலை ராணுவ அதிகாரிப் பயிற்சிப் பள்ளி ஓ.டி.ஏ.வுல 'ஸ்வார்ட் ஆஃப் ஆனர்' ஒண்ணு, தங்கப் பதக்கம் ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆளுக்கே போகணும்னு இல்ல. தங்கம் தரவரிசையில முதல் ஆளுக்கு, அதாவது கூட்டல் கணக்கு. வாள் எல்லாத்துலயும் சிறந்தவன்னு பயிற்சி அதிகாரிங்க நினைக்கிறவனுக்கு. இங்கிலாந்து சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவப் பள்ளியிலயும் இதே மாதிரி வாள் தனி, அரசர் பதக்கம் தனி.

வாளுக்குத்தான் ஊர்ல மவுசு. ஆனா கண் பார்த்து எடை போடுற பாகம் அதுலதான் அதிகம். தலைமைப் பண்பு, நடத்தை, 'இவன் கூட சண்டைக்குப் போவியா'ங்கற கேள்வி, இதெல்லாம் ஸ்கேல் வெச்சு அளக்க முடியாது. எடை போடுறவனுக்கு எதிர்ல நிக்கறவன் யார் மகன்னு தெரியும். தெரிஞ்சதை மறக்கச் சொல்லி உத்தரவு போட முடியுமா?

19 ஜூலை

சரி, என் வயித்தெரிச்சல் எங்கேருந்து வருதுன்னு சொல்லிடறேன். இல்லாட்டி இது ஏதோ ஸ்பெயின் மேல இருக்கற கோபம்னு நினைச்சுக்குவீங்க.

1993. காலேஜ் ரெண்டாவது வருஷம், என்.சி.சி. பத்து நாள் கேம்ப். எந்த ஊர், எந்த பட்டாலியன்னு கேக்காதீங்க. கேம்ப் முடியறப்போ 'பெஸ்ட் கேடட்' கப். போட்டியில கடைசி வரைக்கும் நின்னது நானும் இன்னொருத்தனும். அவங்க அப்பா பெரிய அதிகாரி. எங்க கேம்ப் கமாண்டன்ட் அவருக்கு சல்யூட் அடிக்கற அளவுக்குப் பெரியவர்.

ஃபயரிங் அன்னைக்கு பாயிண்ட் டூ டூ ரைஃபிள், அஞ்சு ரவுண்டு. பாய் மேல படுத்தா முழங்கைக்குக் கீழ கூழாங்கல் குத்தும். சுட்டு முடிச்சதும் ஹவில்தார் உஸ்தாத் டார்கெட் தாளைக் கிழிச்சுக் கொண்டு வந்து, அஞ்சு ஓட்டையையும் சுத்திப் பென்சில்ல வட்டம் போட்டு, சட்டைப் பையிலேருந்து ஆறங்குல ஸ்கேல் எடுத்து வெச்சார். என் க்ரூப்பிங், அதாவது அஞ்சு ஓட்டையும் சிதறின அகலம், மூணு சென்டிமீட்டருக்குள்ள. அவனோடது நாலரை. உஸ்தாத் என் தோளைத் தட்டி 'ஷாபாஷ்'னு சொன்னார். அந்த மனுஷன் பத்து நாள்ல சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

எழுத்துத் தேர்விலயும் நான்தான் மேல. அப்புறம் இன்டர்வியூ, 20 மார்க். மூணு அதிகாரிங்க, ஒரு மேஜை, பச்சைத் துணி. என்கிட்ட 'உன் அப்பா என்ன பண்றார்'னு கேட்டாங்க. ரேஷன் கடையில எடை போடுறார்னு சொன்னேன். அவன்கிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கவே வேண்டியிருக்கல.

மூணு மார்க்ல கப் அவனுக்குப் போச்சு. அன்னைக்கு ராத்திரி பூரி. எனக்கு இறங்கல.

அதான். முப்பத்திரண்டு வருஷமா இந்த மூணு மார்க்கைத் தூக்கிக்கிட்டு அலையறேன்.

20 ஜூலை

'இங்கிலாந்துல ஃபிலிப் மட்டும் என்ன, அரசர் மருமகன்ங்கறதால சிறந்த கேடட் ஆனவர்தானே'ன்னு ஒருத்தர் போட்டிருந்தார், நானும் ஆமாம் போட்டுட்டேன். தப்பு. வாபஸ்.

எலிசபெத் ராணியோட கணவர் ஃபிலிப் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில சேர்ந்தது 1939 மே. அப்போ அவர் யாருக்கும் மருமகன் இல்ல. எலிசபெத்துக்கு வயசு 13. கல்யாணம் 1947ல. மருமகன் கணக்கு எட்டு வருஷம் பிசகுது.

20 ஜூலை, சாயந்தரம்

ஃபிலிப் கதையைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா என் நேத்தைய வாதத்துக்கே அது இடிக்குது.

பேருக்குக் கிரேக்க இளவரசர். 1922ல குடும்பத்தையே நாட்டை விட்டுத் துரத்தியாச்சு. கைக்குழந்தையா பழப்பெட்டியில படுக்க வெச்சுக் கப்பல்ல கொண்டு போனதா சொல்லுவாங்க. அப்பா மான்டே கார்லோவில, அம்மாவுக்கு மனநோய், வீடுன்னு ஒண்ணு கிடையாது. பள்ளி விடுமுறைக்கு எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போறதுன்னு தெரியாத பையன். அவர் டார்ட்மத்துல தன் பருவத்தோட சிறந்த கேடட்னு அரசரின் குறுவாளை வாங்கறார். தாய்மாமன் மவுண்ட்பேட்டன் கடற்படையில பெரிய ஆள்ங்கறது உண்மை. அந்தப் பேரு காத்துல மிதந்துக்கிட்டுதான் இருந்திருக்கும். இல்லன்னு சொல்லல.

பட்டம் ஒருத்தனை எப்படிக் கட்டிப் போடுதுங்கறதும் இதே கதையில இருக்கு. கிரீஸ் அப்போ நடுநிலை நாடு. நடுநிலை நாட்டு இளவரசன் பிரிட்டிஷ் கப்பல்ல செத்தா ராஜதந்திரச் சிக்கல். அதனால முதல் வருஷம் சண்டைப் பக்கமே விடாம இந்தியப் பெருங்கடல் பக்கம் வெச்சிருந்தாங்க. கொஞ்ச நாள் நம்ம இலங்கையிலயும் இருந்தார். கிரீஸ் மேல இத்தாலி பாஞ்சதுக்கு அப்புறம்தான் மத்தியதரைக் கடல். 1941 மார்ச்ல மட்டபான் சண்டை, வேலியன்ட் கப்பல்ல ராத்திரி தேடுவிளக்கு அவர் பொறுப்பு. அந்த வேலைக்காகப் போர் அறிக்கையில பேர் வந்துச்சு. விளக்கு சரியான கப்பல் மேல விழணும். விழலைன்னா ராஜா மகன்னு பார்த்து எதிரி சும்மா விட மாட்டான்.

குறுவாள் வாங்கின பையனும் தேடுவிளக்கு பிடிச்ச ஆளும் ஒண்ணுதான்னா, டார்ட்மத்துக்காரங்க கண்ணு அவ்வளவு மோசமில்ல போல.

21 ஜூலை

எதிர்ப்பக்கத்துக்கும் அதே குடும்பத்துலேருந்தே சாட்சி. ஃபிலிப்போட மாமனார் ஆறாம் ஜார்ஜ். சின்ன வயசுல ஆல்பர்ட்னு பேரு. ஆஸ்போர்ன் கடற்படைப் பள்ளியில கடைசித் தேர்வில வகுப்புலயே கடைசி. கடைசிக்கு முந்தினவன் இல்ல, கடைசி. ஆனாலும் 1911ல டார்ட்மத்துக்கு ஏத்திவிட்டாங்க. வேற ஒரு பையன் அந்த இடத்துல வந்திருந்தா வீட்டுக்குப் பெட்டி கட்டியிருப்பான்.

அதே ஆல்பர்ட் 1916ல ஜட்லண்ட் சண்டையில காலிங்வுட் கப்பல் பீரங்கி மேடையில. நோயாளிப் படுக்கையிலேருந்து எழுந்து போய் நின்னார். போர் அறிக்கையில பேர். பரீட்சையில தேறாதவன் குண்டு விழற இடத்துல நின்னான். இதை என்ன கணக்குல சேர்க்கறது? பள்ளியில அவருக்குச் சலுகை கிடைச்சுது. சலுகை கிடைச்சதால நாடு கெட்டுப் போகவும் இல்ல. ஆனா அன்னைக்கு வெளிய போயிருக்க வேண்டிய அவர் போகல, அதுவும் நிஜம்.

எனக்கே சுத்துது. நாளைக்கு.

22 ஜூலை

ஏகலைவனை இன்னும் யாரும் இழுக்கலையேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். வந்துட்டார். ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு, கட்டை விரல் ஸ்மைலியோட.

என் கருத்து: அர்ஜுனன் கிளியோட கண்ணை நிஜமாத்தான் அடிச்சான். அதுல துரோணர் கள்ள மார்க் போடல. தப்பு மைதானத்துல இல்ல, கேட்ல. யாரு உள்ள வரலாம்ங்கறதுல. உள்ள வந்தவங்களுக்கு நடுவுல போட்டி சுத்தமா நடந்துச்சுன்னு சொல்லிக்கறது சுலபம். கர்ணனை நடுப்போட்டியில நிறுத்தி வெச்சுக் குலம் கேட்டாங்களே, அது என் இன்டர்வியூ. பச்சைத் துணி மேஜை. உங்க அப்பா என்ன பண்றார்.

(துரியோதனன் மாதிரி அங்க தேசம் கொடுக்க எனக்கு ஆள் இல்ல. பூரி கொடுத்தாங்க, அதான் இறங்கலையே.)

24 ஜூலை

கேட்டவர் தனி மெசேஜ்ல: 'அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கறது?'

என்கிட்ட இருக்கறது ஒரு சோதனைதான். அந்தப் பள்ளியில இளவரசன் தோத்துப் போக முடியுமா? முடியும்னா அங்க அவன் வாங்கற மரியாதைக்கு மதிப்பு உண்டு. முடியாதுன்னா இல்ல.

அதனாலதான் எனக்கு எட்வர்டைப் பிடிக்கும். ரெண்டாம் எலிசபெத்தோட கடைசி மகன். கேம்பிரிட்ஜ் முடிச்சு ராயல் மரீன்ஸ் கமாண்டோ படையில சேர்ந்து, பயிற்சியில மூணுல ஒரு பங்கு மட்டும் முடிச்சு 1987 ஜனவரில விட்டுட்டு வந்துட்டார். அந்தப் படைக்குப் பேருக்குத் தலைவர் யாரு? அவங்க அப்பா ஃபிலிப். அப்பா தலைவரா இருக்கற படையிலேருந்து மகன் வெளிய வரணும்னா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில என்ன நடந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. பத்திரிகையெல்லாம் கிழிகிழின்னு கிழிச்சாங்க. எனக்கு என்னமோ அந்த ஆளு விட்டுட்டு வந்ததாலதான் அந்தப் படையோட பச்சைத் தொப்பிக்கு இன்னும் மதிப்பு கூடிச்சுன்னு தோணுது. பயிற்சிக் கடைசியில டார்ட்மூர் மேட்டு நிலத்துல 30 மைல், முதுகுல மூட்டையோட, அதிகாரிப் பயிற்சியாளருக்கு 7 மணி நேரம். நிறுத்து கடிகாரத்துக்கு அப்பன் பேரு தெரியாது.

25 ஜூலை

இளவரசர் ஹாரி பத்திக் கேட்டிருந்தீங்க, சுருக்கமா. 2012 பிப்ரவரில அப்பாச்சி ஹெலிகாப்டர் பயிற்சி முடிச்சப்போ அந்த கோர்ஸ்ல சிறந்த துணை விமானி-கன்னர் பரிசு 'கேப்டன் வேல்ஸ்'க்கு, படையில அவர் பேரு அதுதான். படிப்புல மோசம்னு பேர் எடுத்தவர். ஆனா அப்பாச்சியில கன்னர் என்ன பார்த்தான், எங்க சுட்டான்ங்கறது எல்லாம் பதிவாகும். போட்டுப் பார்த்துக்கலாம். என் உஸ்தாத்தோட ஆறங்குல ஸ்கேல் மாதிரி. அதனால நான் நம்பறேன். சாண்ட்ஹர்ஸ்ட்ல வாள் கொடுத்திருந்தா நம்பியிருக்க மாட்டேன். கொடுக்கவும் இல்ல.

2007ல அவர் குழு ஈராக் போறப்போ அவரை மட்டும் நிறுத்தி வெச்சாங்க, அவர் மேல குறி வெப்பாங்க, கூட இருக்கறவங்களும் சாவாங்கன்னு. அப்புறம் ரகசியமா ஆப்கானிஸ்தான் அனுப்பி, பத்து வாரத்துல செய்தி கசிஞ்சு, திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. பேரு கதவைத் திறக்கவும் செய்யுது, சாத்தவும் செய்யுது. இதை 17ம் தேதி நான் யோசிக்கல.

27 ஜூலை

வெள்ளைக்காரன் கதையே போதும், நம்ம நாட்டுல இல்லையான்னு ஒருத்தர். இருக்கு, அதுவும் எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடற கதை.

ஜெய்ப்பூர் பவானி சிங். ரொம்ப காலத்துக்கு அப்புறம் ஆண் வாரிசு பிறந்ததுன்னு அரண்மனையில ஷாம்பெய்ன் ஓடின ஓட்டத்துல 'பபிள்ஸ்'னே செல்லப் பேர் வெச்சுட்டாங்க. இப்படி ஒரு பேரோட 1951ல ராணுவத்துல கமிஷன். பிறகு பாரா கமாண்டோ. 1970ல அப்பா இறந்ததும் மகாராஜா பட்டம். 1971 டிசம்பர்ல லெப்டினன்ட் கர்னலா 10 பாரா கமாண்டோவை நடத்திக்கிட்டு ராஜஸ்தான் எல்லையைத் தாண்டி சிந்துக்குள்ள சாச்ரோ வரைக்கும் போய் அடிச்சார். ராத்திரி, பாலைவனம், ஜீப். மகாவீர் சக்ரா.

இப்போ கேளுங்க. அதே டிசம்பர்ல டெல்லியில நாடாளுமன்றம் 26வது திருத்தத்தைப் போட்டு மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழிச்சுது. டிசம்பர் 28லேருந்து அமல். மனுஷன் எந்த நாட்டுக்காகப் பாகிஸ்தானுக்குள்ள நின்னாரோ அந்த நாடு அவர் மகாராஜா பட்டத்தை அதே மாசம் எடுத்துடுச்சு. சக்ராவை எடுக்க முடியல. ரெண்டுல எது அவருதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா ஒண்ணு. இது கேடட் மரியாதை இல்ல, களத்து மரியாதை. கேள்வி கேடட்டைப் பத்தி. அதனால இதை வெச்சு நான் ஜெயிச்சுட்டேன்னு நினைக்க வேண்டாம்.

2 ஆகஸ்ட்

அய்யா சாமிகளே, ஒரு அசிங்கம் நடந்து போச்சு.

எங்க பழைய என்.சி.சி. வாட்ஸ்அப் குழுவுல ஒரு புண்ணியவான் என் 19ம் தேதி குறிப்பை அப்படியே ஒட்டிட்டான். அந்த கேம்ப்ல என் பக்கத்துக் கூடாரத்துல படுத்தவன் ஒருத்தன், இப்போ கரூர்ல துணிக்கடை வெச்சிருக்கான், வாய்ஸ் மெசேஜ் போட்டான். 'டேய், எல்லாம் எழுதினியே, ட்ரில் டெஸ்ட்ல என்ன பண்ணினேன்னு எழுதினியா?'

எழுதல. ஏன்னா நினைவே இல்ல. அவன் சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமா வருது. 'பீச்சே முட்' (பின்னால திரும்பு) சொன்னா வலப்பக்கமாத் திரும்பணும். நான் இடப்பக்கம் திரும்பிட்டேன். மொத்தப் படையும் ஒரு பக்கம், நான் மட்டும் மறுபக்கம் மூஞ்சி காட்டிக்கிட்டு நின்னேன். உஸ்தாத் கிட்ட வந்து என் காதுல ஹிந்தியில ஏதோ சொன்னார், அது ஷாபாஷ் இல்ல.

அப்போ அந்த மூணு மார்க் அங்கதான் போச்சா? இன்டர்வியூவுல போகலையா? தெரியல. கரூர்க்காரன் இன்னொண்ணும் சொன்னான்: 'அவன் தினம் நாலு மணிக்கு எழுந்து ஷூ பாலிஷ் போடுவான்டா. அப்பா பேரைக் காப்பாத்தணும்னு. நாமதான் அவன் கூட உக்காந்து சாப்பிட மாட்டோம், போட்டுக் கொடுப்பான்னு.'

ஆமா, உக்கார மாட்டோம். அது நல்லா நினைவு இருக்கு.

முப்பத்திரண்டு வருஷம் மூணு மார்க்கை வெச்சுக்கிட்டேன், இடது திருப்பத்தைத் தூக்கிப் போட்டுட்டேன். இதே மனசை வெச்சுக்கிட்டு ராஜா வீட்டுப் பிள்ளை வாங்கினது உழைச்சு வாங்கினதான்னு 17ம் தேதி தீர்ப்பு சொல்லிட்டேன், ஒரே வார்த்தையில.

இருந்தாலும், 'உன் அப்பா என்ன பண்றார்'னு கேட்டாங்க. அதை நான் கற்பனை பண்ணல.

9 ஆகஸ்ட்

குழுவுலேருந்து நம்பர் வாங்கி அந்தக் கப் வாங்கினவன்கிட்டயே பேசிட்டேன். பேர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். முதல்ல 'சார்'னு ஆரம்பிச்சோம், பத்து நிமிஷத்துல 'டா'வுக்கு வந்துட்டோம்.

கேட்டேன். உனக்கே தோணிச்சா, அந்தக் கப் உனக்குத்தான்னு?

அவன் சொன்னது: 'வீட்டுக்குக் கொண்டு போய் அப்பா முன்னாடி வெச்சேன். கையில எடுத்துக்கூடப் பார்க்கல. இன்டர்வியூ யாரு எடுத்தாங்கன்னு கேட்டார். பேர் சொன்னேன். சரி, உள்ள வைன்னார். அவ்வளவுதான். ஷோகேஸ்ல வைக்கல. நானும் ராணுவத்துக்குப் போகல.'

அப்புறம் அவன் என்கிட்ட கேட்டான், 'உன் க்ரூப்பிங் எவ்வளவுடா?' மூணுக்குள்ளன்னேன். 'என்னோடது நாலரை'ன்னான். சட்டுனு. அவனுக்கும் அந்த எண்ணு நினைவு இருக்கு.

10 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பிக்கு: உன் எஸ்.எஸ்.பி. எப்போ? இந்தக் கிழவன் கதையைப் படிச்சுக்கிட்டு இருக்காம ஓடப் போ. லெயோனோர் செப்டம்பர்ல சான் ஹாவியர் விமானப் பள்ளிக்குப் போகுது. விமானம் ஓட்டறதுல தரை இறக்கம்னு ஒண்ணு இருக்கு, அது எனக்குப் பிடிச்ச தேர்வு. ஆனா அங்க முடிக்கறப்பவும் வழக்கப்படி இன்னொரு பெருஞ்சிலுவை வரும், அப்போ வந்து திரும்பவும் என்கிட்ட கேக்காத. மோதிரம்.

11 ஆகஸ்ட்

அவன்கிட்டேருந்து மெசேஜ். கப் இன்னும் இருக்காம், மகளோட மேஜையில பேனா போட்டு வெச்சிருக்காம். 'வேணும்னா கூரியர் பண்றேன்டா.'

வேண்டாம்னு சொல்லிட்டேன். பெருந்தன்மையாத்தான் சொன்னேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சு, அந்த கேம்ப் மார்க் ஷீட் ஏதாவது உங்க அப்பா காகிதத்துக்குள்ள கிடக்கான்னு பார்க்கறியான்னு ஒரு வரி போட்டேன். நேத்து சாயந்தரம் வரைக்கும் சட்டுனு சட்டுனு பதில் போட்டவன். இன்னும் டிக் நீலம் ஆகல.